முந்தித் தேர்வதா, நெடுநாள் ஆடவிடுவதா? இளம் ஹாக்கி வீரர்கள் உருவாகும் விதம்

ஹாக்கியில் ஒரு சிறுவனோ சிறுமியோ தேர்ந்த ஆட்டக்காரராக வளர எது துணைசெய்கிறது என்று கேட்டால், பள்ளி மைதானங்களிலும் பயிற்சி மையங்களிலும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: திறமையுள்ள பிள்ளையை இளவயதிலேயே கண்டெடுத்து, மற்ற ஆட்டங்களிலிருந்து விலக்கி, ஆண்டு முழுவதும் கடும் பயிற்சியில் இருத்த வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளில் விளையாட்டு அறிவியல் திரட்டியுள்ள சான்றுகளும், இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி வீரர்களைத் தந்துவரும் ஊர்களின் வரலாறும் இந்த விடையை ஐயத்துக்குரியதாக்குகின்றன. ஆட்டச் சூழலில் பந்தை அடிக்கடி எதிர்கொள்ளும் வாய்ப்பு, பல ஆட்டங்களில் பழகிய உடல், ஆளுக்கு ஆள் வேறுபடும் வளர்ச்சி வேகத்தைக் கணக்கில் கொள்ளும் தேர்வுமுறை, வளரும் வயதுக்கேற்ற பயிற்சிச் சுமையும் உணவும், பிள்ளைகளை ஆட்டத்தில் தக்கவைக்கத் தெரிந்த பயிற்சியாளர் ஆகியவையே வளர்ச்சிக்கு அடிப்படை என்று அச்சான்றுகள் காட்டுகின்றன. சிலரை முந்தித் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் பலரை நெடுநாள் ஆடவைக்கும் ஏற்பாடே நல்ல வீரர்களைத் தருகிறது என்பது அவற்றிலிருந்து பெறப்படும் பொது முடிவு.

பந்தோடு கழியும் நேரம்

முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் 22 பேர் ஒரே பந்துக்காக ஓடுகிறார்கள். நான்கு கால்பகுதிகளாக நடக்கும் 60 நிமிட ஆட்டத்தில் பந்து ஒரு நொடிகூட நிற்காமல் எல்லாரிடமும் சமமாகச் சுழன்றாலும் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரமே. உண்மையான ஆட்டத்தில் வலுவுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளே பந்தை அதிகம் வைத்திருப்பார்கள் என்பதால், பத்து வயதுக் குழந்தையை முழு மைதானத்தில் பதினொருவர் அணியில் நிறுத்தினால், ஆட்டத்தின் பெரும்பகுதியை அக்குழந்தை பந்தைத் தொலைவிலிருந்து பார்த்தபடியே கழிக்கும். அதே 60 நிமிடங்களை மூவருக்கு மூவர் என்ற சிற்றாட்டமாக மாற்றினால், அதே கணக்கின்படி ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடங்கள் கிடைக்கின்றன. பந்தைத் தடுப்பதும், திருப்புவதும், துணை ஆட்டக்காரருக்குத் தள்ளுவதும், இழந்த பந்தை மீட்பதும் பல மடங்கு பெருகுகின்றன.

நெதர்லாந்தின் இளையோர் ஹாக்கி இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டுள்ளது. அங்கு குழந்தைகள் முதலில் மூவருக்கு மூவராகவும், அடுத்து அறுவருக்கு அறுவராகவும், பிறகு எண்மருக்கு எண்மராகவும் ஆடிப் பழகிய பின்னரே பதினொருவர் ஆட்டத்துக்கு வருகிறார்கள். தொடக்க நிலையில் கோல்கீப்பரும் இல்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு அளவே உள்ள அந்த நாட்டில், ஊருக்கு ஊர் உள்ள ஹாக்கி கழகங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுபெற்று ஆடுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் இரு பிரிவுகளிலும் நெதர்லாந்தே தங்கம் வென்றது. அந்த வெற்றிக்குப் பணவசதியும் செயற்கை இழை மைதானங்களின் பெருக்கமும் காரணங்களாக இருந்தாலும், விளிம்பில் நிற்கும் குழந்தைக்கும் பந்து போய்ச் சேரும்படி ஆட்டத்தையே சுருக்கி அமைத்திருப்பதும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கது.

சிற்றாட்டம் பந்துத் தொடுகைகளைக் கூட்டுவதோடு நிற்பதில்லை; கற்கும் முறையையும் மாற்றுகிறது. ஹாக்கி மட்டையின் தட்டையான முகம் இடப்பக்கம் மட்டுமே உண்டு. மறுபக்கத்து வளைந்த முதுகால் பந்தைத் தொட விதி இடந்தருவதில்லை. ஆகவே பந்தை இடமும் வலமுமாக உருட்டிச் செல்லும் டிரிப்ளிங்கில் மட்டையை ஒவ்வொரு முறையும் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்வது மட்டையின் உச்சியைப் பிடித்திருக்கும் இடக்கை. கீழே உள்ள வலக்கை தளர்ந்த வளையமாக மட்டையைத் தாங்கிக்கொண்டு, இடக்கையின் சுழற்சிக்கு வழிவிட வேண்டும். புதிதாக மட்டை பிடிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருமே வலக்கையை இறுக்கி, இரு கைகளாலும் திருப்ப முயல்கிறார்கள். அதனால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ள, தலை குனிந்து, பார்வை பந்தை விட்டு அகல மறுக்கிறது. கூம்புகளை வரிசையாக நட்டு அவற்றினூடே ஓடச்செய்யும் வழக்கமான பயிற்சி இந்தக் கைப்பிடியைச் சீராக்க உதவும். ஆனால் கூம்பு அசைவதில்லை. எதிராளி எந்தக் காலில் எடையை ஊன்றியிருக்கிறார், துணை ஆட்டக்காரர் எந்தப் பக்கம் விடுபட்டு நிற்கிறார் என்று தலை நிமிர்த்திப் பார்க்கும் தேவையைக் கூம்பு உண்டாக்குவதில்லை. இருவர் தாக்க ஒருவர் தடுக்கும் சிறிய ஆட்டம் அந்தத் தேவையை ஒவ்வொரு சில நொடிக்கும் உண்டாக்குகிறது.

இதற்கு உளவியலில் பழைய அடிப்படை ஒன்று உண்டு. 1979இல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்களையும், பல அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்து பழகியவர்களையும் ஒப்பிட்டனர். பயிற்சி நேரத்தில் முதல் பிரிவினரே மேலானவர்களாகத் தெரிந்தனர். பின்னர் நினைவைச் சோதித்தபோது இரண்டாம் பிரிவினர் முந்தினர். சூழல் குறுக்கீட்டு விளைவு என்று இது அழைக்கப்படுகிறது. ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மூளை ஒவ்வொரு முறையும் தீர்வைப் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால், கற்றது ஆழமாகப் பதிகிறது என்பது இதற்குத் தரப்படும் ஒரு முக்கிய விளக்கம். பயிற்சி ஒழுங்காகத் தெரிவதும் பிள்ளைகள் கற்பதும் வேறுவேறு என்பதே இதிலிருந்து பயிற்சியாளர் பெறும் பாடம்; தடுமாற்றமும் பந்திழப்பும் மிகுந்த சிற்றாட்ட மாலை, பார்ப்பதற்கு அழகான கூம்பு வரிசையைவிடப் பயன் தருவதாக இருக்கலாம்.

பிற ஆட்டங்கள் செய்யும் உதவி

பெர்லினில் வயலின் கற்ற மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சனும் துணை ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, திட்டமிட்ட பயிற்சியின் மொத்த நேரமே தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தைப் பரப்பியது. அதிலிருந்து பிறந்த பத்தாயிரம் மணி நேரம் என்ற எளிய சூத்திரம், பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்குப் பெற்றோரையும் பயிற்சியாளர்களையும் தள்ளியது. ஆனால் குழு ஆட்டங்களை நேரடியாக ஆராய்ந்தவர்கள் கண்டது சற்றே வேறு. ஜோ பேக்கர், ழான் கோத்தே, புரூஸ் அபெர்னெதி ஆகியோர் ஆஸ்திரேலியாவின் ஹாக்கி, நெட்பால், கூடைப்பந்து தேசிய அணி வீரர்களிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் ஒருவர் எத்தனை வகை ஆட்டங்களில் ஈடுபட்டாரோ, அந்த அளவுக்குத் தம் முதன்மை ஆட்டத்தில் தேர்ச்சி பெற அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சி நேரம் குறைந்திருந்தது. எதிராளியின் அசைவை முன்னுணர்வதும், வெற்றிடத்தைக் கண்டு ஓடுவதும் ஓர் ஆட்டத்திலிருந்து இன்னோர் ஆட்டத்துக்குக் கடத்தப்படக்கூடிய திறன்கள் என்று அவர்கள் இதை விளக்கினர்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மனி ஆடவர் ஹாக்கி அணியினரைத் தேசிய மட்டத்திலேயே நின்றுவிட்ட வீரர்களோடு ஒப்பிட்டு ஆர்னே குலிஷ் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. இரு தரப்பினரையும் வேறுபடுத்தியது ஹாக்கிப் பயிற்சியின் மிகுதி அன்று. தங்கம் வென்றோர் பிற ஆட்டங்களில் முறையாக ஈடுபட்ட காலம் நீண்டிருந்தது, ஹாக்கி ஒன்றுக்கே தம்மை ஒதுக்கிக்கொண்ட வயதும் தள்ளிப்போயிருந்தது. பின்னோக்கி நினைவுகூர்ந்து தரும் தகவல்களை நம்பியவை என்பதும், ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே என்பதும் இத்தகைய ஆய்வுகளின் வரம்புகள். ஆயினும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறைகளில் நடந்தவை ஒரே திசையைக் காட்டுவதால் அவற்றை எளிதில் ஒதுக்க இயலாது. காலையில் ஓட்டம், மாலையில் கபடி, விடுமுறையில் கால்பந்து என்று அலையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஹாக்கிக்குரிய நேரத்தை வீணாக்குவதாகக் கருதப்பட வேண்டியதில்லை.

பிறந்த மாதமும் தேர்வும்

வயதுப் பிரிவுகளுக்கு ஏதேனும் ஒரு நாளை எல்லையாக வைத்தே ஆக வேண்டும். ஜனவரி 1 எல்லையானால், அந்த நாளில் பிறந்தவரும் அதே ஆண்டு டிசம்பர் 31இல் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதில் அந்த இடைவெளி வாழ்நாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ரோஜர் பார்ன்ஸ்லியும் துணை ஆய்வாளர்களும் 1985இல் இதன் விளைவைச் சுட்டிக்காட்டினர்: உயர்மட்ட இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தனர், இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் அரிதாக இருந்தனர். ஒப்பீட்டு வயது விளைவு என்று பெயர் பெற்ற இது, சில மாத மூப்பினால் வரும் உயரத்தையும் வேகத்தையும் தேர்வாளர்கள் திறமையென்று எண்ணிவிடுவதால் தோன்றுகிறது. தேர்வானவருக்கே நல்ல பயிற்சியாளரும் கூடுதல் ஆட்டங்களும் கிடைப்பதால், தொடக்கத்தில் பொய்யாக இருந்த வேறுபாடு சில ஆண்டுகளில் மெய்யாகிவிடுகிறது.

வடஅமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.ஹெச்.எல். தேர்ந்தெடுத்த வீரர்களின் பிற்கால ஆட்டத்தை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் தேர்வு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டாலும், களத்தில் அந்த இடத்துக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட மேலாக ஆடினார்கள் என்று காட்டியது. பொறுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வீரர்களை அவசரத் தேர்வு இழக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

பிறந்த மாதத்தைவிடப் பெரிய வேறுபாட்டைப் பருவ வளர்ச்சி கொண்டுவருகிறது. உயரம் மிக விரைந்து கூடும் கட்டம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. ஆனால் தனி ஒருவருக்கு அது இரண்டு ஆண்டு முன்னதாகவோ பின்னதாகவோ வரலாம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் தேர்வு முகாமில் அருகருகே நிற்கும் இரு சிறுவர்களில் ஒருவர் உடலளவில் பதினாறு வயதினராகவும் மற்றவர் பன்னிரண்டு வயதினராகவும் இருக்கக்கூடும். இந்தியாவில் இத்துடன் வயதுச் சான்றிதழ்களின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 2010இல் நடுவண் அரசு விளையாட்டில் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறையை வகுக்க வேண்டி வந்ததே அதன் பரப்பைக் காட்டும். இளையோர் கோப்பையை வெல்வதற்குப் பரிசும் வேலைவாய்ப்புச் சலுகையும் உள்ளவரை, வளர்ந்த உடலைத் தேடும் ஆசையும் குறையாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. ஹரியாணாவின் ஷாபாத் மார்க்கண்டாவில் பல்தேவ் சிங்கிடம் பயின்ற ராணி ராம்பால் 14 வயதில் இந்திய அணிக்குள் நுழைந்து, பின்னர் அணித் தலைவராக உயர்ந்தார். அவரை எவரும் காத்திருக்கச் செய்திருந்தால் இழப்பு அணிக்கே. ஆனால் அவருடைய வரலாற்றைப் பொதுவிதியாக்க முடியாது. குலிஷ் உள்ளிட்டோர் பல விளையாட்டுகளின் தரவுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட மீளாய்வின்படி, 17, 18 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் பன்னாட்டு மட்டத்தில் ஆடியவர்களில் சுமார் 89 விழுக்காட்டினர் பெரியோர் பிரிவில் அதே மட்டத்தை எட்டவில்லை. பெரியோர் பிரிவில் பன்னாட்டு மட்டத்தை எட்டியவர்களில் சுமார் 82 விழுக்காட்டினர் இளையோராக அந்த மட்டத்தில் இருந்ததில்லை. வெற்றிபெற்ற இளையோரும் வெற்றிபெற்ற பெரியோரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்றால், இளமையில் முதிர்ந்தவருக்கு வழிவிடுகிற அதே ஏற்பாடு, மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தாமலும் இருக்க வேண்டும் என்றே பொருள்.

ஊரும் தரையும்

பஞ்சாபில் ஜலந்தர் படைவீட்டை ஒட்டியுள்ள சன்சார்பூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஐவர் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடினர். அதே ஒலிம்பிக்கில் கென்ய அணியிலும் அவ்வூர் வழிவந்த இருவர் இருந்தனர். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம் திலீப் திர்க்கி, இக்னேஸ் திர்க்கி, சுனிதா லாக்ரா, தீப் கிரேஸ் எக்கா, பிரேந்திர லாக்ரா, அமித் ரோஹிதாஸ் என்று நீளும் வரிசையைத் தந்துள்ளது. இவர்களில் திலீப் திர்க்கியும் அமித் ரோஹிதாஸும் சௌனமரா என்ற ஒரே ஊரினர். ஓர் ஊரின் குருதியில் திறமை ஓடுகிறது என்பது இதற்கு விளக்கமாகாது. கிறித்தவ மறைப்பணியாளர்கள் கொண்டுவந்த ஆட்டம் சுந்தர்கரிலும் அதை அடுத்துள்ள ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் பழங்குடி ஊர்களின் பொது வழக்கமாகிவிட்டது. அறுவடை முடிந்த வயல்களிலும் கட்டாந்தரையிலும் நடக்கும், வென்ற அணிக்கு ஆட்டுக்கிடாயைப் பரிசாகத் தரும் கஸ்ஸி போட்டிகளில் ஊரே திரண்டு ஆடுகிறது. சிறுவர்கள் தமக்கு மூத்தவர்களோடு மோதிப் பழகுகிறார்கள், எவரும் அவர்களைத் தரம்பிரிப்பதில்லை, மட்டை இல்லாதவர் வளைந்த மரக்கிளையை எடுத்துக்கொள்கிறார். ரூர்கேலாவின் பான்போஷ் விளையாட்டு விடுதி போன்றவை பின்னர் வந்து இந்தப் பரந்த அடித்தளத்தின் மேல் முறையான பயிற்சியைக் கட்டின.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது கோவில்பட்டி. கரிசல் நிலத்துத் தீப்பெட்டித் தொழில் ஊரான அங்கு, பள்ளிகளும் உள்ளூர்க் கழகங்களும் ஹாக்கியை விடாமல் வளர்த்துவர, லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி வெளிமாநில அணிகளின் ஆட்டத்தை ஊர்ப் பிள்ளைகள் நேரில் காணும்படி செய்தது. செயற்கை இழை மைதானமும் அரசு விளையாட்டு விடுதியும் அமைந்த பிறகு, கோவில்பட்டியின் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கு பயின்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர்; கார்த்தி தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். ஊர் வழக்கம், பார்க்கக் கிடைத்த நல்ல ஆட்டம், பின்னர் வந்த வசதி என்ற வரிசை சுந்தர்கரை ஒத்தது.

வசதி தாமதமாக வந்தாலும் அது வேண்டியதே என்பதை இந்தியாவின் சரிவு உணர்த்தியது. 1928 முதல் 1964 வரை ஏழு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற இந்தியா, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்த 1976 மான்ட்ரியல் போட்டியில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு அடுத்த பதக்கத்துக்கு டோக்கியோ வரை காத்திருக்க நேர்ந்தது. மேடுபள்ளமான தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாது. அங்கு வளரும் பிள்ளை மட்டையை நிமிர்த்தி, கைகளைத் தளர்த்தி, பந்தை மெல்லத் தணித்து வாங்கக் கற்கிறது. செயற்கைத் தரையில் பந்து தாழ்வாகவும் மிக விரைவாகவும் வருகிறது. மட்டையைக் கிடைமட்டமாகத் தரையோடு படுக்கவைத்துத் தடுப்பதும், நிறுத்தாமல் ஓட்டத்திலேயே அடுத்தவருக்குத் தள்ளுவதும் அங்கு அவசியம். முதல் தரையின் கைநுணுக்கம் வீணாவதில்லை; ஆனால் இரண்டாம் தரையின் வேகத்துக்கு இளையோர் பழக வாய்ப்பே இல்லையென்றால் அந்த நுணுக்கம் பெரிய மட்டத்தில் செல்லுபடியாவதில்லை. ஒடிசா அரசு சுந்தர்கரின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை அமைக்கத் திட்டமிட்டது இதனால்தான் பொருளுடையது: பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டுவதைவிட, பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ எட்டக்கூடிய தொலைவில் பல தரைகளை அமைப்பது ஆடுவோர் எண்ணிக்கையை நேரடியாகக் கூட்டும்.

சுமை, உணவு, பயிற்சியாளர்

ஹாக்கி குனிந்தபடியே ஓடவைக்கும் ஆட்டம் என்பதால் கீழ்முதுகும் இடுப்பும் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. எலும்பு விரைந்து நீண்டு, தசைநாண்கள் இழுபட்டு நிற்கும் பருவத்தில் அச்சுமை வலியாகவும் காயமாகவும் மாறுகிறது. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் உடலை வளைத்து முறுக்கும் அசைவாதலால், வளரும் வயதில் அதன் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். அமெரிக்க மருத்துவர் நீரு ஜெயந்தியின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது: வாரத்தில் தம் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணி நேரம் பயிற்சி பெற்றவர்களிடமும், முறைப்படுத்திய விளையாட்டின் நேரம் தன்னிச்சையான ஆட்ட நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டவர்களிடமும் மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. அதன்படி பன்னிரண்டு வயதினருக்கு வாரம் 12 மணி நேரமே மேல்வரம்பு. காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி என்று வாரத்தில் ஆறு நாள் பயிற்சி அளித்தால் அது 24 மணி நேரமாகிவிடும்.

உணவின் இடமும் இதற்குக் குறைந்ததன்று. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் குறைந்த நிலையில் ஓடும் சிறுமி கடைசிக் கால்பகுதியில் தளர்வதை மனவுறுதியின்மை என்று பயிற்சியாளர் கருதிவிடக்கூடும். இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, பயிற்சிக்குப் பின் முட்டையோ சுண்டலோ என்ற சிறு செலவுகள், விலையுயர்ந்த மட்டையைவிட அவருடைய ஆட்டத்துக்கு அதிகம் உதவும்.

இவை அனைத்தையும் நடைமுறையாக்குபவர் பயிற்சியாளரே. அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மால் இருவரும் துணை ஆய்வாளர்களும் சிறுவர் பேஸ்பால் அணிகளில் நடத்திய ஆய்வுகள் இதைத் துல்லியமாக அளந்தன. முயற்சியைப் பாராட்டுவது, தவறு நேர்ந்ததும் ஊக்கமளித்துத் திருத்தச் சொல்லித் தருவது, தண்டிப்பதைத் தவிர்ப்பது ஆகியவற்றில் சில மணி நேரமே பயிற்றுவிக்கப்பட்டவர்களின் அணிகளில், அடுத்த ஆண்டு ஆட்டத்தை விட்டு விலகிய சிறுவர்கள் 5 விழுக்காடு. அத்தகைய பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 விழுக்காடு என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது: பிள்ளைகளைத் தக்கவைத்தது வெற்றியன்று, நடத்தப்பட்ட விதம்.

இந்தியச் சூழலில் தக்கவைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளே ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பதினெட்டு வயதுக்குப் பிறகும் மட்டையைக் கீழே வைக்காதிருக்கக் காரணமாகின்றன. பத்தாம் வகுப்பில் படிப்பையும் ஆட்டத்தையும் எதிரெதிராக நிறுத்தும் வீடுகளில் அந்த வேலையின் சாத்தியமே பெற்றோரை இணங்கவைக்கிறது. ஆனால் அவ்வேலைகள் பெரும்பாலும் போட்டிச் சான்றிதழ்களை வைத்தே வழங்கப்படுவதால், இளையோர் பிரிவிலேயே எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற அழுத்தத்தையும் அவையே உண்டாக்குகின்றன.

ஆகவே இளையோர் ஹாக்கி மையம் ஒன்றை மதிப்பிட, அது வென்ற பதினான்கு வயதுக்குட்பட்டோர் கோப்பைகளை எண்ணுவது பொருத்தமான முறையன்று. பத்து வயதில் அங்கு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினெட்டு வயதில் இன்னும் ஆடுகிறார்கள், ஒரு மாலைப் பயிற்சியில் மிகச் சாதாரணமான பிள்ளையின் மட்டைக்கு எத்தனை முறை பந்து வருகிறது, ஒரு முறை தேர்வாகாதவருக்கு மறு ஆண்டு வாய்ப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளே அதன் தரத்தைச் சொல்லும். முதல் கேள்விக்கு வருகைப் பதிவேடும், இரண்டாவதற்கு ஓரமாக நின்று எண்ணும் ஒருவரும், மூன்றாவதற்குத் தேர்வு விதியில் ஒரு திருத்தமும் போதும். இவற்றில் எதற்கும் புதிய அரங்கம் கட்டப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.